பாலஸ்தீனப் போராட்டப் பாடல்கள்: எதிர்ப்பையும் சமாதானத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா?

செங்காந்தள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலஸ்தீனப் பாடல்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், அவற்றைப் போராட்டப் பாடல்கள், சமாதானப் பாடல்கள் என்று இரண்டு கூடைகளில் போட்டுவிடுகிறார்கள். முதல் கூடையில் இருப்பவற்றைக் கோபக்காரர்கள் கேட்பார்கள் என்றும், இரண்டாவதில் இருப்பவற்றை நல்லவர்கள் கேட்பார்கள் என்றும் சொல்லாமல் சொல்வதாகவே எனக்கு அது படுகிறது. பாடல்களை உன்னிப்பாகக் கேட்டால் இந்தப் பிரிவினை நிற்பதில்லை என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குகிறேன். கலிலேயப் பகுதிக் கவிஞர் சாமிஹ் அல்-காசிம் எழுதி, லெபனான் நாட்டு இசைக்கலைஞர் மார்செல் கலீஃபே இசையமைத்துப் பாடிய ஒரு பாட்டு, நிமிர்ந்த தலையோடு நடந்து செல்லும் ஒரு மனிதனைப் பற்றியது. அவன் கையில் ஒலிவக் கிளை இருக்கிறது. தோளிலோ அவனுடைய சவப்பெட்டியே இருக்கிறது. மெட்டு அணிவகுப்புக்கு உரியது. மேடையில் கலீஃபே தொடங்கிவைத்தால் அரங்கமே கைதட்டியபடி அதைப் பாடி முடிக்கும். 1974 நவம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் அவையில் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அரஃபாத் பேசியபோது, தாம் ஒலிவக் கிளையோடும் போராளியின் துப்பாக்கியோடும் வந்திருப்பதாகவும், அந்தக் கிளையைத் தம் கையிலிருந்து விழச் செய்துவிட வேண்டாம் என்றும் சொன்னார். அது கேட்பவர் முன் இரண்டு பொருள்களை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அரசியல் பேச்சு. பாட்டில் அப்படியொரு தேர்வு கிடையாது. தோளில் இருப்பது பிறரைக் கொல்லும் கருவி அன்று, தன் சாவு; அதைச் சுமந்துகொண்டே கிளையையும் பிடித்திருக்கிறான். இந்தப் பாட்டை எந்தக் கூடையில் போடுவீர்கள்? உங்கள் கருத்துகளை, முடிந்தால் குறிப்பிட்ட பாடல்களைச் சுட்டியே எழுதுமாறு வேண்டுகிறேன்.

---

வேலூர் இராசன் எழுதியது:

அம்மா, நீங்கள் உங்கள் வாதத்துக்கு வசதியான பாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வசதியில்லாத ஒன்றை நான் முன்வைக்கிறேன். பாலஸ்தீனத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த பாடல், அக்கா என்ற கடற்கரை நகரின் சிறையிலிருந்து புறப்படும் சவ ஊர்வலத்தைப் பற்றியது. 1930 ஜூன் 17 அன்று பிரித்தானிய அரசு அங்கே மூவரைத் தூக்கிலிட்டது: ஸஃபதைச் சேர்ந்த ஃபுவாத் ஹிஜாஸி, ஹெப்ரோனைச் சேர்ந்த அதா அல்-ஸீர், முஹம்மத் ஜம்ஜூம். பாட்டில் மூவரும், நான்தான் முதலில் தூக்குமேடை ஏறுவேன் என்று ஒருவரையொருவர் முந்துகிறார்கள். தாய் உரக்கக் கூப்பிடுகிறாள். நாடெல்லாம் அவளுக்குக் குறுகிப் போகிறது. உருக்கமான பாட்டு என்பதில் ஐயமில்லை.

ஆனால் அவர்கள் தண்டிக்கப்பட்டது, 1929இல் அரபுகளுக்கும் யூதர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தின் கொலைகளுக்காக. அந்தக் கலவரத்தில் ஹெப்ரோனில் மட்டும் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாக அந்த ஊரிலேயே வாழ்ந்த எளிய மக்கள், மாணவர்கள். பாட்டில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இதைப் போன்றதொரு பாட்டில் சமாதானம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது, பாட்டுக்கு இல்லாத ஓர் அழகை நாமே பூசுவதாகும். 1996இல் தேசிய கீதமாக ஏற்கப்பட்ட பாடலே தன்னை உயிர்ப்பலியாகத் தரும் போராளியின் பெயரில்தான் இருக்கிறது. போராட்டப் பாடலைப் போராட்டப் பாடல் என்றே சொல்வதில் என்ன குறை?

---

மட்டுவில் நேசன் எழுதியது:

இராசன் ஐயாவின் கேள்வி நேர்மையானது. ஹெப்ரோனைப் பற்றி அந்தப் பாட்டு காக்கும் மௌனத்தை நானும் மறுக்கவில்லை. தூக்கிலிடப்பட்டவனின் தாயைப் பாடும் பாட்டு, கொல்லப்பட்டவரின் தாயைப் பாடுவது உலகில் அரிது. ஆயினும் அந்தப் பாட்டு யாருடையது, எந்தக் காலத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் சற்று மாறும்.

அது நூஹ் இப்ராஹீம் என்ற மக்கள் பாவலரின் பெயரில் வழங்குகிறது. 1936இல் தொடங்கிய அரபு எழுச்சியின் பாடகர் அவர்; 1938இல் பிரித்தானியப் படையினரோடு நடந்த மோதலில் கொல்லப்பட்டார். அவரைத் தூக்குமரப் பாட்டை வைத்து மட்டும் அறிந்தவர்கள் அவருடைய நகைச்சுவையை அறியமாட்டார்கள். பிரித்தானியப் படைத் தலைவராக வந்த ஜெனரல் டில் என்பவரை விளித்து அவர் ஒரு பாட்டுக் கட்டினார். 'மிஸ்டர் டில், ஏதாவது ஒரு வழிபண்ணும். ஒருவேளை உம்முடைய கையாலாவது இது தீருமோ என்னவோ' என்பதுதான் அதன் பல்லவியின் போக்கு. வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் கிண்டல் அது. அதே நேரத்தில் உள்ளபடியே ஒரு விண்ணப்பமும்கூட. நாட்டை ஆளும் படைத் தலைவனிடம் தீர்வு கேட்கிறான், அவன் தரமாட்டான் என்று தெரிந்தே கேட்கிறான், கேட்பதை ஊரே பாடும்படி மெட்டிலும் வைக்கிறான். அக்கால ஆட்சியாளர்களுக்கு இந்தக் கிண்டல் பிடிக்கவில்லை. அவரைச் சிறையில் வைத்தார்கள், பாடல்களையும் தடைசெய்தார்கள். இதில் எந்த அடி எதிர்ப்பு, எந்த அடி சமாதானப் பேச்சு என்று அறுதியிட்டுச் சொல்ல முடியுமா?

இன்னொன்று. அக்கா சிறைப் பாட்டை இன்று நாம் கேட்கும் வடிவம், 1970களின் பிற்பகுதியில் டமஸ்கஸில் உருவான அல்-ஆஷிகீன் குழுவினுடையது. அகதிகள் நடுவே பிறந்த அந்தக் குழுவின் குரலில், 1930இன் தூக்குமேடை அவர்களுடைய சொந்த இழப்புகளுக்கெல்லாம் பெயராகிவிட்டது. பாட்டைக் கட்டியவன் எண்ணியதும் பின்னால் பாடியவர்கள் எண்ணியதும் ஒன்றாக இருக்கவேண்டிய தேவையில்லை. எங்கள் பக்கத்தில், இலங்கையில், 1980களில் எம். ஏ. நுஃமான் மொழிபெயர்த்த பலஸ்தீனக் கவிதைகளைக் கையோடு வைத்துக்கொண்டு திரிந்தவர்களும், ஒரே கவிதையை ஆளுக்கொரு விதமாகத்தான் படித்தோம்.

---

நிலா பாரதி எழுதியது:

நேசன் அண்ணா சொன்னதோடு பெண்களின் பாட்டையும் சேர்க்க விரும்புகிறேன். இந்தத் தலைப்பில் எல்லோரும் மேடைக்கு வந்த ஆண்களையே பேசுகிறோம்.

தர்வீதா என்றொரு வகை உண்டு. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இடையில் நிற்கும் மெல்லிய பாட்டு. மலைமேல் ஏறிச் செல்வோரையும் அங்கே தீ மூட்டுவோரையும் விளித்துப் பாடும் ஒன்று அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. அதில் சொற்களின் நடுவே 'ல' ஓசையை மீண்டும் மீண்டும் செருகிப் பாடுவார்கள். சிறைச் சுவருக்கு வெளியே நின்று பெண்கள் பாடினால், உள்ளே இருக்கும் தங்கள் ஆடவருக்குச் செய்தி புரியும், காவலனுக்கு வெறும் ராகமாகவே கேட்கும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இது முழுக்க வரலாறா, பிற்காலம் அதற்குச் சூட்டிய கதையா என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை; பாட்டின் ஓசை அமைப்பு அந்தக் கதையைத் தாங்கும்படி இருக்கிறது என்பதே முக்கியம். அதில் வசை கிடையாது, வீரமும் கிடையாது. அன்பானவனுக்கு ஒரு செய்தி போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அது காவலை மீறுகிறது.

நாசரேத்தில் பிறந்த ரீம் பன்னா இந்த மரபிலிருந்துதான் வந்தார். மாஸ்கோவில் இசை பயின்று திரும்பியவர், மறந்துபோகும் நிலையில் இருந்த குழந்தைப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் தேடியெடுத்துப் புது இசையில் பாடினார். ஈராக், ஈரான், வட கொரியா முதலிய நாடுகளைத் தீமையின் அச்சு என்று அமெரிக்க அதிபர் பெயரிட்டதற்குப் பதிலாக, நார்வே நாட்டு இசைத் தயாரிப்பாளர் ஒருவர் அந்நாடுகளின் தாலாட்டுகளைத் தொகுத்து 2003இல் வெளியிட்ட தொகுப்பிலும் அவருடைய குரல் இருக்கிறது. அத்தொகுப்பில் இருப்பவை தாலாட்டுகள்தான். ஆனால் வெளிவந்த ஆண்டையும் தொகுப்பின் பெயரையும் பார்த்த எவரும் அது எதற்கு எதிரானது என்று கேட்டிருக்கமாட்டார்கள். 2018 மார்ச்சில் புற்றுநோயால் அவர் மறைந்தார்.

---

செங்காந்தள் எழுதியது:

நன்றி, நிலா. இராசன் ஐயா, உங்கள் மறுப்பை ஒதுக்கிவிட்டுப் போகமாட்டேன். துப்பாக்கியைப் போற்றும் பாடல்கள் இருக்கின்றன. அமைப்புகள் தங்கள் பிரச்சாரத்துக்காகவே செய்த பாடல்களும் ஏராளம். அவற்றில் சமாதானம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. என் வாதம் அவற்றைப் பற்றியதன்று. நாற்பது ஐம்பது ஆண்டுகளாக மக்கள் வாயில் நிலைத்த பாடல்களைப் பற்றியது.

1976இல் வெளிவந்த கலீஃபேயின் முதல் இசைத்தொகுப்பில், பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் சிறையிலிருந்து எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது. அம்மா சுட்ட ரொட்டி, அம்மாவின் காப்பி, அம்மாவின் கை தொடுவது, இவற்றுக்காக ஏங்குகிறான். நாடு என்ற சொல்லோ பகைவன் என்ற சொல்லோ தேவைப்படவில்லை. தான் செத்தால் அம்மா அழுவாளே என்று வெட்கப்பட்டு உயிரைக் காதலிப்பதாகச் சொல்கிறான். சாவை வரவேற்கும் பாடல்கள் மலிந்திருந்த காலத்தில் இப்படிச் சொன்னது சாதாரணச் செயல் அன்று. ஆயினும் எந்தக் கூட்டத்திலும் இதைப் பாடியதும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அந்தக் காலை உணவு எளிதில் கிடைக்காதபடி செய்யப்பட்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதே தொகுப்பில் ரீத்தா என்ற பெண்ணைப் பற்றிய பாட்டும் உண்டு. அவளுக்கும் கவிஞனுடைய கண்களுக்கும் நடுவே ஒரு துப்பாக்கி. ரீத்தா என்பது ஓர் இஸ்ரேலிய யூதப் பெண்ணைக் குறிக்கும் புனைபெயர் என்பது பல்லாண்டுகளுக்குப் பின் வெளிப்படையாயிற்று. அது தெரியாமலே அரபு உலகம் முழுவதும் இதைப் பாடியது. தெரிந்த பிறகும் பாடுவதை நிறுத்தவில்லை. பகைவரின் மகளுக்கு எழுதிய காதல் பாட்டு ஒரு விடுதலை இயக்கத்தின் மேடைகளில் முழங்கியதற்கு வேறெங்காவது நிகரான எடுத்துக்காட்டு இருக்கிறதா? துப்பாக்கியைக் குற்றவாளியாக்கும் பாட்டு அது. அதுவும் யாருடைய துப்பாக்கி என்று சொல்லாமலே.

---

தஞ்சை அமுதன் எழுதியது:

சொற்களையே பேசிக்கொண்டிருக்கிறோம், மெட்டைப் பற்றியும் ஒரு சொல். 1967 போருக்குப் பிறகு ரஹ்பானி சகோதரர்கள் பாடகி ஃபைரூஸுக்காக ஜெருசலேமைப் பற்றிச் செய்த நெடும்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லெபனான் கலைஞர்களின் படைப்பென்றாலும் பாலஸ்தீனர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். தொடக்கம் தேவாலயத்தில் கேட்கும் வேண்டுதலைப் போன்றது: தாளம் பின்வாங்கியிருக்க, பழைய நகரின் தொழுகை இடங்களின் மேல் குரல் மிதந்து செல்கிறது. குகையில் இருக்கும் குழந்தையும் தாய் மரியாளும் அழுகிறார்கள். பிறகு பித்தளைக் கருவிகளும் முரசும் நுழைய, மெட்டு அணிவகுப்பாகிறது. கோபம் வருகிறது, வந்தே தீரும் என்று பாடுகிறார். கடைசியில் அணிவகுப்பின் வேகம் குறையாமலே, நம் கைகளால் ஜெருசலேமுக்குச் சமாதானம் வரும் என்று முடிகிறது.

ஒரு தேர்ந்த இசையமைப்பாளர் சமாதானம் என்ற சொல்லை முதற்பகுதியின் மென்மையான மெட்டில் வைத்திருக்கலாம். கேட்பவர் எதிர்பார்ப்பதும் அதுதான். ரஹ்பானிகள் அப்படிச் செய்யாமல் அதை முரசின் மேல் ஏற்றினார்கள். வேண்டினால் கிடைக்கும் என்றிருந்தது முதற்பகுதி. நாமே வரவழைப்போம் என்றது இறுதிப்பகுதி. செங்காந்தள் சொல்வதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இராசன் அவர்கள் இதையே திருப்பி, வெற்றிக்குப் பின் வரும் சமாதானம் வெற்றியின் மறுபெயர்தானே என்று கேட்கலாம். கேட்டால் என்னிடம் உடனடியான பதில் இல்லை.

---

வேலூர் இராசன் எழுதியது:

கேட்கத்தான் போகிறேன், ஆனால் வேறொரு வழியாக. நீங்கள் சொல்வதுபோல் இந்தப் பாடல்களின் அடியில் சமாதான வேட்கை இருக்குமானால், வெளிப்படையாகச் சமாதானத்தைப் பாடுவோர்மேல் ஏன் இவ்வளவு சினம்? 2009 யூரோவிஷன் போட்டியில் மீரா அவாத் என்ற பாலஸ்தீனப் பாடகி, இஸ்ரேலியப் பாடகி நோவாவோடு சேர்ந்து, வேறொரு வழி இருந்தே ஆகவேண்டும் என்ற பாட்டை எபிரேயத்திலும் அரபியிலும் ஆங்கிலத்திலும் பாடினார். சொந்தச் சமூகத்தின் கலைஞர்களே அவரை விலகிக்கொள்ளும்படி வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீதும் இஸ்ரேலிய இசை நடத்துநர் டேனியல் பேரன்பாய்மும் 1999இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய மேற்கு-கிழக்கு திவான் இசைக்குழுவையும் விட்டுவைக்கவில்லை; பாலஸ்தீனப் பண்பாட்டுப் புறக்கணிப்பு இயக்கம் அதையும் கண்டித்தது. அரபு, யூத இளைஞர்கள் ஒரே மேசையின் இசைத்தாளைப் பார்த்து வாசிப்பதில் என்ன குற்றம்?

---

தஞ்சை அமுதன் எழுதியது:

இராசன் அவர்களே, இது இந்த விவாதத்தின் நடுநரம்பைத் தொடும் கேள்வி. எனவே சற்று விரிவாக எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும்.

மீரா அவாத் விவகாரத்தில் காலத்தை மறக்கக் கூடாது. 2008 டிசம்பர் இறுதியில் காசாவின் மேல் தொடங்கிய தாக்குதல் 2009 ஜனவரியில் நடந்துகொண்டிருந்தபோதே அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வந்தது. பாட்டில் ஒரு குறையும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், குண்டு விழும் வாரத்தில் இஸ்ரேலின் கொடியின்கீழ் இருவரும் கைகோத்து நிற்கும் காட்சி உலகுக்கு என்ன சொல்லும் என்பதுதான் கடிதம் எழுதியவர்களின் அச்சம். அவரோ, பாடாமல் இருப்பதால் யாருக்கு நன்மை என்று கேட்டுப் போய்ப் பாடினார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். ஒரு துணைச்செய்தி: மீரா அவாத், ஸப்ரீன் குழுவின் பாடகி கமீலியா ஜுப்ரான், இந்த இழையின் முதல் பதிவில் வந்த சாமிஹ் அல்-காசிம் ஆகிய மூவரின் குடும்பங்களும் கலிலேயாவின் ராமே என்ற ஒரே ஊரைச் சேர்ந்தவை. ஒரே ஊர் மூன்று வேறு வழிகளைக் காட்டியிருக்கிறது.

திவான் குழுவைப் பொறுத்தவரை, அதன் 2005 ரமல்லா நிகழ்ச்சிப் பதிவை இன்றும் நடுக்கமில்லாமல் என்னால் கேட்க முடிவதில்லை. இஸ்ரேலிய இளைஞர்கள் அங்கே வந்து சேர்வதற்கே ஸ்பெயின் அரசு தந்த தூதரகக் கடவுச்சீட்டுகள் தேவைப்பட்டன. சயீத் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். ஆனால் பாலஸ்தீனர்களின் குறை இசையைப் பற்றியதன்று. நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் எந்தத் தடையுமின்றி வீட்டுக்குப் போகிறார், மற்றவர் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கிறார். இருவரையும் சமமாக மேடையில் அமர்த்தும்போது அந்தச் சமமின்மை பார்வையாளருக்கு மறைந்துபோகிறது என்பதே அவர்கள் சொல்வது. முதல் இன்திஃபாதாவில், அதாவது 1987இல் தொடங்கிய பாலஸ்தீன மக்கள் எழுச்சியில், கையில் கல்லோடு ஓடிவரும் எட்டு வயதுச் சிறுவனின் படம் ஒன்று உலகெங்கும் பரவியது. அந்தச் சிறுவன் ரம்ஸி அபூ ரித்வான் வளர்ந்தபின் வயோலா பயின்றார். திவான் குழுவிலும் வாசித்தார். பின்னர் அதிலிருந்து விலகினார். அவர் 2002இல் நிறுவிய அல்-கமன்ஜாதி என்ற அமைப்பு, மேற்குக் கரையின் அகதி முகாம் பிள்ளைகளுக்கு வயலினும் ஊத் என்ற அரபு நரம்புக் கருவியும் சொல்லித் தருகிறது. கல்லைக் கீழே போட்டுவிட்டு வயோலாவை எடுத்தவர் என்று மேலை இதழ்கள் அவரைக் கொண்டாடின. அந்த வாக்கியத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றை விட்டு மற்றதற்குப் போனதாக அவருடைய வாழ்க்கை காட்டவில்லை. சோதனைச் சாவடிக்கு முன்னாலேயே தம் மாணவர்களை நிறுத்தி வாசிக்கவைத்தவர் அவர்.

எனவே மறுக்கப்படுவது சமாதானம் அன்று. யார் எந்த மேடையில் எவருடைய செலவில் அதைப் பாடச் சொல்கிறார் என்பதே மறுக்கப்படுகிறது. அப்படியும், இந்த மறுப்பு சில நேரங்களில் கண்மூடித்தனமாகவும் இருந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இஸ்ரேலியப் பாடகர் டேவிட் ப்ரோஸா 2013இல் தம் தொகுப்பைப் பதிவுசெய்தது கிழக்கு ஜெருசலேமில் இருக்கும் ஸப்ரீன் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான். ஸப்ரீனை நிறுவிய ஸயீத் முராதை விட்டுக்கொடுத்தவர் என்று எவராவது சொன்னால், அவர் முப்பது ஆண்டு உழைப்பை அறியாதவர்.

---

நிலா பாரதி எழுதியது:

ஸப்ரீன் பேச்சு வந்துவிட்டதால் விடமாட்டேன். 1980இல் தொடங்கிய குழு அது. அதற்கு முன் எதிர்ப்புப் பாட்டு என்றாலே முழக்கமும் அணிவகுப்புத் தாளமும்தான் என்றிருந்ததை இவர்கள் மாற்றினார்கள். ஊத், கானூன் போன்ற அரபு நரம்புக் கருவிகளோடு மேலைக் கருவிகளையும் சேர்த்து, கமீலியா ஜுப்ரானின் ஆரவாரமில்லாத குரலை நடுவில் வைத்தார்கள். 1994இல், அதாவது இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தான மறு ஆண்டு, புறாக்கள் வருகின்றன என்ற பெயரில் அவர்களுடைய தொகுப்பு வெளிவந்தது. பெயரைப் பார்த்துக் கொண்டாட்டத்தை எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். வரப்போகும் புறாக்களை வரவேற்பதா, ஐயத்தோடு பார்ப்பதா என்று முடிவுசெய்யாத இசை அது. ஓஸ்லோவைப் பற்றி அந்த ஆண்டில் எழுதப்பட்ட கட்டுரைகளைவிட அதில் தெளிவு கூடுதலாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இவர்கள் எந்தச் சூழலில் பாடினார்கள் என்பதையும் குறிக்க வேண்டும். 1967 ஆகஸ்டில் பிறப்பிக்கப்பட்ட 101ஆம் எண் இராணுவ ஆணைப்படி, அரசியல் என்று கருதத்தக்க நோக்கத்தோடு பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடுவதற்கு மேற்குக் கரையில் முன் அனுமதி தேவை. இசைக் கூட்டமும் இதிலிருந்து தப்பாது. அதனால்தான் திருமண வீடும் ஒலிநாடாவும் இவ்வளவு முக்கியமாயின. முதல் இன்திஃபாதா 1987 டிசம்பரில் வெடித்தபோது ரியாத் அவ்வாத் என்பவர் ஜெருசலேமில் தம் வீட்டுக் கூடத்திலேயே, தம் சகோதரிகளைப் பாடவைத்து, மின்னிசைக் கருவிகளை வைத்து ஒரு நாடாவைப் பதிவுசெய்தார். 3,000 படிகள் போட்டுக் கடைகளுக்கும் அனுப்பிவைத்தார். படையினர் நாடாக்களைப் பறிமுதல் செய்து அவரையும் சிறைப்படுத்தினார்கள். தப்பிப் பிழைத்த படி ஒன்றிலிருந்து அண்மையில் அது மறுபதிப்புக் கண்டிருக்கிறது. கேட்டுப் பாருங்கள்: அக்காலத்து டிஸ்கோ தாளத்தில், வீட்டுப் பெண்கள் கூடிப் பாடும் நெருக்கத்தோடு இருக்கும். இதைப் பறிமுதல் செய்ய ஒரு படை வேண்டியிருந்தது என்பதை இன்றைக்கு நம்புவதே கடினம்.

---

மட்டுவில் நேசன் எழுதியது:

திருமண வீட்டைப் பற்றி நிலா தொட்டுச் சென்றதை நான் முடிக்கிறேன். 1948 முதல் 1966 வரை இஸ்ரேலுக்குள் எஞ்சிய பலஸ்தீனர்கள் இராணுவ ஆட்சியின்கீழ் இருந்தார்கள். அடுத்த ஊருக்குப் போகவும் அனுமதிச் சீட்டு வேண்டும். அப்போது ஊர்கூடிப் பேச எஞ்சியிருந்த இடம் கல்யாணம்தான். ஆடவர் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று கைதட்ட, இரு பாவலர்கள் எதிரெதிரே நின்று அந்த இடத்திலேயே அடி கட்டிப் பாடுவார்கள். வாள் உயர்ந்ததா, எழுதுகோல் உயர்ந்ததா என்பது போன்ற பழைய வழக்காடல்கள் அவை. ஒருவர் வாளுக்காக அடுக்குவார், மற்றவர் எழுதுகோலுக்காக அடுக்குவார். கூட்டம் இருவருக்கும் பல்லவி எடுக்கும். கடைசியில் இருவரும் சமரசமாகி மணமகனை வாழ்த்தி முடிக்க வேண்டும் என்பது மரபு. இராசன் ஐயா, நீங்கள் கேட்ட கேள்வியை அவர்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதிலை எவரும் இறுதியாகச் சொல்லவில்லை.

---

தெற்குவீதி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தவன். நான் ராப் கேட்கும் தலைமுறை. இஸ்ரேலில் இருக்கும் லித் (லோட்) நகரைச் சேர்ந்த டாம் என்ற பாலஸ்தீன ராப் குழு 2001இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட பாட்டு, யார் பயங்கரவாதி என்ற கேள்வியையே பல்லவியாகக் கொண்டது. பத்து லட்சம் தடவைக்கு மேல் தரவிறக்கப்பட்டது. அரபியில் மட்டுமன்றி எபிரேயத்திலும் அவர்கள் பாடினார்கள். தன்னை ஒடுக்குபவரின் மொழியில், அவர் வீட்டுப் பிள்ளை கேட்கும்படி பாடுவதில் சண்டையும் உண்டு, பேச்சுவார்த்தையும் உண்டு என்று நினைக்கிறேன்.

2023 அக்டோபர் இறுதியில் அரபுலகின் 25 இளங்கலைஞர்கள் சேர்ந்து, நாங்கள் திரும்பி வருவோம் என்ற பொருளில் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அதில் சமாதானம் என்ற பேச்சே பெரிதாக இல்லை. அதை நான் குறையாகக் காணவில்லை. அந்த மாதத்தில் அந்தச் சொல்லை எவர் வாயிலும் வைக்க முடிந்திருக்காது. ஆனால் 2025இல் காசாவிலிருந்து வந்த காணொளி ஒன்றைப் பார்த்தேன். இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குக் கூடாரங்களிடையே பாட்டுச் சொல்லித்தரும் இசையாசிரியர் ஒருவர், தலைக்குமேல் ஓயாமல் ரீங்கரிக்கும் ஆளில்லா விமானத்தின் ஓசையையே சுருதியாக வைத்துக்கொண்டு, அதற்கு இசையப் பிள்ளைகளைப் பாடவைக்கிறார். அச்சுறுத்தும் ஓசையைத் தம்புராவாக்கிவிட்டார். பிள்ளைகள் பாடியதோ பழைய நாட்டுப்புறப் பாட்டு. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

---

வேலூர் இராசன் எழுதியது:

தம்பி சொன்ன காணொளியைத் தேடிப் பார்த்தேன். அதற்கு எதிராக வாதிட என்னிடம் எதுவும் இல்லை. ஆனாலும் என் மறுப்பின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கமாட்டேன். நீங்கள் அனைவரும் எதிர்ப்பு என்று சொல்வது வெளிப்பகைக்கு எதிரான எதிர்ப்பை மட்டுமே. தன் சமூகத்தைத் தானே கேள்வி கேட்காத இசையில் சமாதானம் முழுமையாகாது. அந்தத் துணிவு இந்தப் பாடகர்களிடம் உண்டா?

---

செங்காந்தள் எழுதியது:

உண்டு ஐயா, அதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். கலீஃபே 1995இல் வெளியிட்ட பாட்டு ஒன்றில், யோசேப்பு தன் சகோதரர்களால் கிணற்றில் தள்ளப்பட்டதைத் தர்வீஷ் பாடுகிறார். பகைவன் தள்ளவில்லை, உடன்பிறந்தோர் தள்ளினார்கள் என்பதுதான் அதன் உறுத்தல். அரபு அரசுகளைச் சுட்டியது என்று எல்லோருக்கும் புரிந்தது. பாட்டின் இறுதியில் குர்ஆன் வரி ஒன்று வருவதைக் காட்டி, மத நிந்தை என்று பெய்ரூட் நீதிமன்றத்தில் அவர்மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். 1999 டிசம்பரில்தான் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது.

டாம் குழுவோ 2012இல், குடும்ப மானத்தின் பெயரால் கொல்லப்படும் பெண்ணின் கதையைப் பின்னோக்கிச் சொல்லும் ஒரு பாட்டைப் பாடகி அமல் முர்குஸுடன் சேர்ந்து வெளியிட்டது. சாவிலிருந்து தொடங்கி அவள் பிறப்பை நோக்கி நகரும் காட்சிகள் அதில் வரும். அதற்கு எதிர்ப்பு வந்தது பழமைவாதிகளிடமிருந்து மட்டுமன்று. லைலா அபூ-லுகோத், மாயா மிக்தாஷி என்ற இரு அறிஞர்கள், ஆக்கிரமிப்பையும் அரசையும் பேசாமல் மரபை மட்டும் குற்றவாளியாக்கினால் அது அரசியலற்ற பாட்டாகிவிடும் என்று ஓர் இணைய இதழில் எழுதினார்கள். டாம் அதே இணைய இதழில் பதில் எழுதியது: எங்கள் ஊரில் நாங்கள் அறிந்த பெண்கள் கொல்லப்படுகிறார்கள், அதைப் பாட ஆக்கிரமிப்பு முடியும்வரை காத்திருக்க முடியாது என்பதே அதன் சாரம்.

அறிஞர்களின் வாதத்தில் நுட்பம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இதில் நான் டாம் பக்கம். ஒரு பாட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பது பாட்டிடம் கேட்கக்கூடாத ஒன்று. நேசன் அண்ணாவும் நிலாவும் இதில் வேறு கருத்துக் கொண்டிருந்தால் எழுதட்டும். அபூ-லுகோத்தின் கட்டுரையை முழுதாகப் படித்தவர்கள் இங்கே எவரேனும் இருந்தால் இன்னும் நல்லது.

---

நிலா பாரதி எழுதியது:

படித்திருக்கிறேன், அக்கா. நான் உங்களோடு உடன்படவில்லை. காவல்துறை அந்தக் கொலைகளைக் கண்டுகொள்வதில்லை என்பதையும், அது யாருடைய காவல்துறை என்பதையும் பாட்டு சொல்லியிருக்கலாம். நான்கு நிமிடத்தில் அதற்கு இடமிருந்தது. லித் நகரத்துக்காரர்களுக்கு அது தெரியாததன்று.